எல்லாளன் கல்லறையும் எழுதிக் கிழித்த ஏடுகளும்

தாமிரபரணி என்னும் பெயருக்கு உரியவை இரண்டு. ஒன்று, பொதிகையிலே பிறந்து, நெல்லைச் சீமையை நெல்வயலாக்கி, ஆழ்வார்திருநகரியின் ஓரமாக நடந்து, புன்னைக்காயலருகே கடலோடு கலந்துவிடும் நம் ஆறு. மற்றொன்று, அந்தக் கடலுக்கு அப்பால் கிடக்கும் தீவு. 'தம்பபண்ணி' என்று பாலி ஏடுகள் அழைத்ததும், 'தப்ரபேன்' என்று கிரேக்கர் அழைத்ததும் அந்தத் தீவைத்தான். ஆறு தீவுக்குப் பெயர் கொடுத்ததா, தீவு ஆற்றுக்குப் பெயர் கொடுத்ததா என்று புலவர்கள் வாதிடட்டும். கல்லூரிப் படிப்பை நடுவழியிலே விட்டுவிட்டு மேடைக்காக வரலாறு படித்தவன் நான். அந்த வழக்கிலே தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரே பெயரைச் சூடிக்கொண்ட இரண்டு கரைகள், ஒன்றன் துயரிலே மற்றொன்று உறங்க முடியாது என்பதைக் கூற எந்தப் பட்டமும் தேவையில்லையன்றோ!

பெயரளவிலேயா நிற்கிறது உறவு? தூத்துக்குடியிலே தோணி ஏறிக் கொழும்புக்குச் சென்றவர் நம் பாட்டனார். வ. உ. சிதம்பரனார் 1906இல் கப்பல் கம்பெனி கண்டபோது, வெள்ளையனுக்கு எதிராக அவர் கப்பல் விட்ட பாதை, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு. ஏன், யாழ்ப்பாணத்திலேயே ஒரு திருநெல்வேலி உண்டு. நம் திருநெல்வேலியைப் போலவே பெயர். நம்மைப் போலவே தமிழ். நம் தேரிக்காட்டைப் போலவே பனை.

அந்தத் திருநெல்வேலியிலேதான், தோழர்களே, 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு, புலிகளின் தாக்குதலிலே இலங்கை இராணுவத்தினர் பதின்மூவர் மாண்டனர். அடுத்த நாள் கொழும்பு பற்றி எரிந்தது. தமிழர் வீடுகள் எவை என்று வாக்காளர் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு தேடித் தேடிக் கொளுத்தினர். வெலிக்கடைச் சிறையிலே, சர்க்காரின் பூட்டுக்குள்ளே, சர்க்காரின் காவலிலே இருந்த தமிழர் 53 பேர் இரண்டே நாட்களிலே வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டனர். உள்நாட்டுப் போர் என்று உலகம் எழுதத் தொடங்கிய நாள் அது.

அதே திருநெல்வேலியிலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தது. மாண்டோரை நினைந்து பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு அந்தத் தூண் இயந்திரங்களால் இடித்துத் தள்ளப்பட்டது. துப்பாக்கி ஓய்ந்து பதினோராண்டு கழிந்த பிறகு, கல்லோடு போர்! மாணவர்கள் வாயிலிலே அமர்ந்தனர், உண்ணாநோன்பு இருந்தனர், ஊர் திரண்டது. இடித்த நிர்வாகமே இரண்டு மூன்று நாட்களிலே மறுபடி அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. ஏப்ரலிலே தூண் மீண்டும் எழுந்தது.

"போர்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன?" என்று கேட்போர் நம்மிலும் உளர். அவர்களுக்கு நான் கூறக்கூடிய விடை இந்தத் தூண்தான். இறந்தோருக்கு அழக்கூட அனுமதிக் கடிதம் கேட்கும் நாட்டிலே போர் முடியவில்லை, ஓசைதான் அடங்கியிருக்கிறது.

சிங்களத் தோழர்கள் தம் வரலாற்று ஏடாகப் போற்றும் மகாவம்சத்தை எடுங்கள். எல்லாளன் என்னும் தமிழ் மன்னனின் கதை அதிலே வருகிறது. சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்திலே 44 ஆண்டு ஆண்டவன். பகைவன்தான், எனினும் பகைவனுக்கும் நண்பனுக்கும் நடுநிலை தவறாதவன் என்று அந்த ஏடே அவனுக்குச் சான்று தருகிறது. துட்டகைமுனு படையெடுத்து வருகிறான். கோட்டையின் தெற்கு வாயிலருகே இரு மன்னரும் யானைமேல் நின்று நேருக்கு நேர் பொருகின்றனர். முதியவன் எல்லாளன் வீழ்கிறான்.

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே சொல்கிறேன்: இந்த இடத்திலே திரையை இறக்கினால் அது வெறும் சண்டைக் காட்சி. மகாவம்சம் திரையை இறக்கவில்லை. வென்றவன் என்ன செய்தான்? வீழ்ந்தவனுக்கு உரிய மரியாதையோடு எரியூட்டினான். அந்த இடத்திலே நினைவுச் சின்னம் எழுப்பினான். அதற்கு வழிபாடு நடக்க வேண்டும் என்று ஆணையிட்டான். பின்னாளிலே அந்தப் பக்கம் செல்லும் இலங்கை வேந்தர்கள் தம் பல்லியத்தை, முரசை, நிறுத்திவிட்டு அமைதியாகக் கடந்து சென்றனர் என்றும் எழுதி வைத்திருக்கிறது.

இது ஒரு பக்கம்.

அதே ஏட்டிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெற்றி பெற்ற வேந்தனுக்கு உறக்கம் வரவில்லை. இத்தனை உயிரை மாய்த்தேனே என்று மனம் புழுங்குகிறான். துறவியர் வருகின்றனர், ஆறுதல் கூற. என்ன ஆறுதல்? நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மன்னா! ஒருவன் பௌத்த சரணம் புகுந்தவன். இன்னொருவன் ஐந்து சீலங்களை ஏற்றவன்; இருவரும் சேர்ந்து ஒன்றரை என்பது அவர்கள் கணக்கு. ஏனையோர்? ஏனையோர் விலங்கினும் மேலானவர் அல்லர் என்று கணக்கை முடித்துவிடுகின்றனர்.

இலங்கையிலே அமைதி வருமா என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை நான் இப்படித்தான் கேட்பேன்: கொழும்பிலே ஆட்சிக் கட்டிலேறுகிறவர், இந்த ஏட்டிலே எந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறார்? கல்லறையைக் கண்டு முரசை நிறுத்திய பக்கத்தையா? ஒன்றரை மனிதர் கணக்குப் பக்கத்தையா? முள்ளிவாய்க்காலின் இறுதி மாதங்களிலே நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. பொதுமக்கள் சாவே நேராதபடி போரிடுவதே எம் கொள்கை என்றது இலங்கை சர்க்கார்! ஒன்றரை மனிதர் என்று கூறிய துறவியராவது ஒன்றரை என்றனர்.

எழுதிய ஏட்டின் கதை இது. எழுதிக் கிழித்த ஏடுகளின் கதை இன்னும் கொடிது.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. காலிமுகத்திடலிலே அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்களைக் காடையர் கூட்டம் அடித்து நொறுக்கியது. மொழி இரண்டென்றால் நாடு ஒன்றாயிருக்கும், மொழி ஒன்றென்றால் நாடு இரண்டாகும் என்று அன்றைக்கே நாடாளுமன்றத்தில் எச்சரித்தார் கொல்வின் ஆர். டி சில்வா, தமிழரல்லர், சிங்களவர்! கேட்பாரில்லை. ஆயினும் ஓராண்டு கழித்து, பிரதமர் பண்டாரநாயகாவும் தந்தை செல்வநாயகமும் உட்கார்ந்து பேசினர். 1957 ஜூலை 26இல் உடன்பாடு கண்டனர். வடக்கிலும் கிழக்கிலும் வட்டார சபைகள். தமிழுக்கு நிர்வாகத்திலே இடம். நிலக் குடியேற்றத்திலே அந்தச் சபைகளுக்கு அதிகாரம். தனிநாடன்று, கூட்டாட்சியுமன்று, ஒரு பிடி உரிமை, அவ்வளவே. அந்த ஒரு பிடியை அன்று கொடுத்திருந்தால் பின்னாளிலே துப்பாக்கிக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

ஆனால் எதிர்க்கட்சி இருக்கிறதே! அன்றைய எதிர்க்கட்சியின் பெரும்புள்ளி ஜெ. ஆர். ஜெயவர்த்தனா, 1957 அக்டோபரிலே, இந்த ஒப்பந்தம் சிங்களவரை விற்றுவிட்டது என்று கூறிக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். தலதா மாளிகையிலே முறையிடுவாராம்! வழியிலே இம்புல்கொடவிலே தடுத்து நிறுத்தப்பட்டார். பயணம் நின்றது, பரப்பிய நஞ்சு நிற்கவில்லை. 1958 ஏப்ரல் 9ஆம் நாள் காலை, காட்சி கொழும்பு ரோஸ்மீட் பிளேசிலே பிரதமரின் இல்லம். புல்வெளியிலே காவியுடை தரித்த பிக்குகள் நிறைந்து உட்கார்ந்திருக்கின்றனர்.

ஒப்பந்தத்தைக் கைவிடு என்கின்றனர். பிரதமர் வெளியே வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டிலே படித்தவர், அழகாகப் பேசுகிறவர். தன் கையெழுத்தின் நியாயத்தைத் தன் மக்களுக்கு எடுத்துச் சொல்ல அவருக்கா நாவன்மை இல்லை? சொல்லவில்லை. கைவிட்டேன் என்கிறார். வாய்ச்சொல் போதாது, எழுத்திலே தா என்கின்றனர். எழுதியும் கொடுக்கிறார்! அடுத்த மாதமே தீவெங்கும் தமிழர்மீது கலவரம் பாய்ந்தது. மறு ஆண்டு, 1959 செப்டம்பரிலே, அதே இல்லத்திலே ஒரு பிக்குவின் குண்டுக்குத்தான் இரையானார் பண்டாரநாயகா. வளர்த்த நெருப்பு வளர்த்தவர் வீட்டை விட்டுவைக்குமா?

1965இலே இன்னொரு பிரதமர், டட்லி சேனநாயகா. இன்னொரு உடன்பாடு, அதே செல்வநாயகத்தோடு. இம்முறை ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர்வலம் போனது பண்டாரநாயகா கட்சி! மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. இப்படி ஒரு கட்சி எழுதுவதும் மற்றொரு கட்சி கிழிப்பதுமாக ஊஞ்சல் ஆடிற்று. 1957இலே கண்டிக்கு நடந்தாரே ஜெயவர்த்தனா, அவரே 1987 ஜூலை 29இல் இராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்து, மாகாண சபைகள் தருகிறேன் என்று கையெழுத்திட்டார். முப்பதாண்டுக்கு முன்னே எதை எதிர்த்தாரோ, அதையே, எத்தனையோ ஆயிரம் பிணங்களுக்குப் பிறகு! மறுநாள் அணிவகுப்பிலே இந்தியப் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான் ஒரு சிங்களக் கடற்படையினன். 2000 ஆகஸ்டிலே பண்டாரநாயகாவின் மகள் சந்திரிகா, அதிகாரப் பகிர்வுக்குப் புதிய அரசியல் சட்ட வரைவைக் கொண்டுவந்தார்; ஜெயவர்த்தனாவின் உறவினர் ரணில் விக்கிரமசிங்கா தலைமை தாங்கிய எதிர்க்கட்சியார் அதனை நாடாளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினர். 2002இலே, பிரதமராகிவிட்டிருந்த அதே ரணில் புலிகளோடு போர்நிறுத்தம் செய்தார். சந்திரிகா அவர் ஆட்சியின் மூன்று அமைச்சுகளைப் பறித்தார்.

தந்தை கிழித்ததை மகள் ஒட்டப் பார்ப்பதும், மகள் ஒட்டியதை மாற்றார் கொளுத்துவதும்! இரண்டு குடும்பங்கள் ஆடிய இந்தச் சதுரங்கத்திலே காய்களாக விழுந்தவை மனித உயிர்கள். தமிழனுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று ஆட்சியிலே இருக்கும்போது தோன்றுகிற ஞானம், எதிர்க்கட்சியிலே அமர்ந்தவுடன் மறைந்துவிடுகிறது. ஒப்பந்தம் செய்த ஒவ்வொருவரும் தமிழரிடத்திலே பேசினார். தம் சொந்த மக்களிடம் பேசத்தான் அஞ்சினார். பேச்சு மேசையிலே முட்டுக்கட்டை இருந்ததென்று எண்ணுவது தவறு. ரோஸ்மீட் பிளேஸ் புல்வெளியிலேதான் இருந்தது.

கணக்கென்றால் இருபக்கமும் எழுத வேண்டும். ஒருபக்கம் மட்டும் எழுதுகிறவன் கணக்கனல்லன், கடன்காரன். 1989இலே அமிர்தலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார், கொழும்பிலே, தமிழர் துப்பாக்கியால். 1990 அக்டோபரிலே வடக்கிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தமிழே பேசும் மக்கள், எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், மூட்டை கட்டவும் நேரமின்றிப் புலிகளால் விரட்டப்பட்டனர். 1991 மே 21இல் நம் மண்ணிலே, ஸ்ரீபெரும்புதூரிலே, இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1999இலே, அதிகாரப் பகிர்வு வரைவுக்கு உழைத்த நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டார். 2005 குடியரசுத் தலைவர் தேர்தலிலே வடக்கின் வாக்காளரை வாக்குச்சாவடிக்குப் போகவிடாமல் தடுத்ததன் விளைவாக, இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டிலே மகிந்த ராஜபக்சா வென்றார். விளைவை 2009இலே அறுவடை செய்தவர் யார்? வன்னியின் ஏழைத் தமிழர். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கசக்கும். வேப்பங்காய் கசக்கிறதென்று யாரும் மரத்தை வெட்டுவதில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம்.

2022இலே இலங்கையின் கஜானா காலியாயிற்று. பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. போரை வென்றவர் என்று கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடப்பட்ட ராஜபக்சா குடும்பத்தின் கோத்தபய, ஜூலையிலே மாளிகையை விட்டு, நாட்டை விட்டு ஓடினார். 2024 செப்டம்பரிலே அநுர குமார திசாநாயக்க குடியரசுத் தலைவரானார். நவம்பரிலே அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களிலே 159 இடங்களைப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய பலம்! அதுமட்டுமா? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களிலே மூன்றை அக்கட்சி வென்றது. தெற்கிலே பிறந்த கட்சி ஒன்று யாழ்ப்பாணத்திலே முதலிடம் பெறுவதை யாழ்ப்பாணமே அதற்குமுன் கண்டதில்லை.

அடடே, விடிந்துவிட்டது என்று கைகொட்டினர் சிலர். நான் கைகொட்டவில்லை, கைவிரிக்கவும் இல்லை. ஏன் என்று கூறுகிறேன்.

இந்த ஆட்சியின் முதுகெலும்பு ஜனதா விமுக்தி பெரமுன. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கட்சி. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்து, 2006 அக்டோபரிலே தீர்ப்பும் பெற்றவர்கள் அக்கட்சியினர். ஒப்பந்தம் கிழித்தோர் வரிசையிலே அவர்களுக்கும் நாற்காலி உண்டு. ஆனால், இந்த 'ஆனால்' சிறியதன்று. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் அக்கட்சியின் இளைஞர்கள் ஆயிரமாயிரமாக வேட்டையாடப்பட்டனர். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீரா 1989 நவம்பரிலே, பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டார். சிங்களத் தாய்மார் மகனின் படத்தை மார்பிலே சுமந்து தெருத்தெருவாக நடந்தனர். 2012இலே மாத்தளை மருத்துவமனை வளாகத்திலே எலும்புக் குவியல் வெளிப்பட்டபோது, இவை 1989இல் கொல்லப்பட்ட எம் தோழர்களின் எலும்புகள் என்று முறையிட்டவர்கள் இவர்களே. அந்நாளிலே காணாமற்போனோரின் பட்டியலைச் சுமந்துகொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை 1990இல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலே நிறுத்திக் காகிதங்களைப் பறித்தனர். அந்த உறுப்பினரின் பெயர் மகிந்த ராஜபக்சா! ஆட்சிக்கு வந்தபின் ஜெனீவா என்ற சொல்லே அவருக்குக் கசந்துபோயிற்று.

பட்டவனுக்குத்தான் பிறர் வலி தெரியும் என்பார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பதற்கு மகிந்தாவே சாட்சி. அநுராவும் அதே வழியா, வேறு வழியா?

ஒன்று மட்டும் உறுதி. பண்டாரநாயகாவுக்கு ஒரு சாக்கு இருந்தது, எதிர்க்கட்சி விடவில்லை என்று. டட்லிக்கு இருந்தது. சந்திரிகாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் இல்லை என்ற சாக்கு இருந்தது. இன்றைய ஆட்சிக்கு எந்தச் சாக்கும் இல்லை. கிழித்துப் பழகிய இரு பெருங்கட்சிகளும் கிழிந்து கிடக்கின்றன. வாக்குப்பெட்டி அவர் பக்கம். நாடாளுமன்றம் அவர் பக்கம். யாழ்ப்பாணத்தின் பாதி இடங்கள்கூட அவர் பக்கம் வந்தன. இத்தனையும் இருந்து செய்யவில்லையென்றால், செய்ய முடியவில்லை என்பதன்று பொருள். செய்ய மனமில்லை என்பதே. அமைதிக்கான வாய்ப்பு முன் எப்போதையும்விடக் கூடியிருக்கிறது என்று நான் கருதுவதும் இதனால்தான். வாய்ப்புத் தவறினால் பழி மறைய இடமில்லை என்று கருதுவதும் இதனால்தான்.

யாழ்ப்பாணத்து வாக்காளர் ஏமாளிகள் அல்லர். நவம்பரிலே மூன்று இடம் கொடுத்தவர்கள், ஆறே மாதத்திலே, 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலே, வடக்கின் சபைகள் பலவற்றிலே தமிழரசுக் கட்சிக்கே மீண்டும் முதலிடம் தந்தனர். கடன் கொடுத்தோம், தானம் கொடுக்கவில்லை என்று சொன்ன செட்டியார் கணக்கு அது. இடையிலே என்ன நடந்தது? மார்ச் மாதத்திலே வடக்கின் ஏறத்தாழ ஆறாயிரம் ஏக்கர் நிலத்துக்கு, மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரசுடைமை என்று அறிவிப்பு வெளியிட்டனர். முப்பதாண்டுப் போரிலே வீட்டோடு பத்திரமும் எரிந்தவனிடம் பத்திரம் கேட்பது! எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகு பின்வாங்கினர். பின்வாங்கியது நல்லது. ஆனால் அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தபோது, இது எந்த மக்களின் நிலம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

மாகாண சபையோ, பதின்மூன்றாம் திருத்தம் தந்த அந்த மெலிந்த உரிமையோ, பெயரளவிலே நிற்கிறது. வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்ததே 2013 செப்டம்பரிலேதான். ஒப்பந்தம் ஆகி இருபத்தாறு ஆண்டுக்குப் பின். 38 இடங்களிலே முப்பதைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 2018 அக்டோபரிலே பதவிக்காலம் முடிந்தது. ஏழாண்டு கடந்தும் மறுதேர்தல் காணோம். தொகுதி எல்லை வரையறை முடியவில்லையாம்! போர்க்களத்திலே எல்லை தாண்டிப் பாயத் தெரிந்த சர்க்காருக்குத் தொகுதி எல்லை வரையத் தெரியவில்லை. இதற்கு அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, பிக்குகளைக் கேட்க வேண்டியதில்லை, தில்லியின் அழுத்தம்கூட வேண்டியதில்லை. நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தைத் திருத்தினால் போதும்.

எலும்புகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் முடிக்க முடியாது. ஆழ்வார்திருநகரியிலிருந்து சில கல் மேற்கே ஆதிச்சநல்லூர். 1876 முதல் அங்கே தோண்டுகின்றனர். முதுமக்கள் தாழிகளிலே மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதர்கள், மடித்த கால்களோடு, அருகிலே வாளும் வேலும் நெல்லும் வைத்து, மண்ணுக்குள் மரியாதையாகத் துயில்கின்றனர். எழுத்தறியாத காலத்துச் சமுதாயம் என்கிறார்களே, அது தன் பிணங்களுக்குப் பானை வனைந்தது.

யாழ்ப்பாணத்தின் வாயிலிலே செம்மணி. 1998இலே ஒரு மாணவியின் கொலை வழக்கிலே தண்டனை பெற்ற படைவீரன் ஒருவன், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என்று நீதிமன்றத்திலேயே கூறினான். 1999இலே தோண்டினர், பதினைந்து உடல்கள் கிடைத்தன, கோப்பு மூடப்பட்டது. 2025இலே, அதே செம்மணியிலே சுடுகாட்டுக் கட்டட வேலைக்காக மண்ணைக் கிளறியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற ஆணையின்படி தோண்டத் தோண்ட, இருநூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் அவற்றிலே உண்டு. பள்ளிப் பை ஒன்று. பொம்மை ஒன்று. தாழி இல்லை, வாள் இல்லை, நெல் இல்லை. ஒன்றரை மனிதர் கணக்கிலே இந்தப் பொம்மைக்காரியை எந்தப் பக்கம் எழுதுவது?

கிளிநொச்சியிலே 2017 பிப்ரவரி 20 முதல் தாய்மார் சாலையோரம் அமர்ந்தனர், எங்கள் பிள்ளைகள் எங்கே என்ற ஒரே கேள்வியோடு. வட்டுவாகலிலே, ஓமந்தையிலே, போரின் கடைசி நாட்களிலே தம் கையாலேயே இராணுவத்திடம் பிள்ளையை ஒப்படைத்தவர்கள் அவர்களில் உளர். ஒப்படைத்ததற்கு ரசீது இல்லை. அங்கே அமர்ந்தே முதுமையடைந்து, விடை கேளாமலே கண்மூடிய தாய்மாரும் பலர். காணாமற்போனோருக்காக அலுவலகம் ஒன்று 2016இலே சட்டம் போட்டு அமைத்தனர். அலுவலகம் இருக்கிறது, மேசை இருக்கிறது, விடைதான் காணாமற்போய்விட்டது.

"பழையதைக் கிளறாதே, பொருளாதாரம் வளரட்டும், ரொட்டி கிடைத்தால் காயம் ஆறும்" என்கின்றனர் கொழும்பின் நல்லெண்ணக்காரர்கள். நம் ஊரிலும் அந்தக் குரல் கேட்கிறது. ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். 1939இலே உள்நாட்டுப் போரை வென்ற பிராங்கோ, 1964இலே 'இருபத்தைந்தாண்டு அமைதி' என்று விழாவே எடுத்தான். சுவரொட்டி ஒட்டினான், தபால்தலை வெளியிட்டான். அவனும் மாண்டான், பொருளாதாரமும் வளர்ந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டிலே பேரன்மார் மண்வெட்டியோடு புறப்பட்டனர், சாலையோரப் புதைகுழிகளிலே பாட்டனாரைத் தேடி! ரொட்டி அறுபதாண்டு கிடைத்தும் ஆறாத காயம், இலங்கையிலே பதினாறு ஆண்டிலே ஆறிவிடுமா? அயர்லாந்திலே அப்படிச் சொல்லி மழுப்பவில்லை. 1998 ஏப்ரலிலே உடன்பாடு கண்டனர். இரு பகைத் தரப்பும் சேர்ந்தமர்ந்து ஆளும் சபை அமைத்தனர். மறு ஆண்டே, இரகசியமாகப் புதைக்கப்பட்டோரைத் தேட ஆணையமும் வைத்தனர். இடையிலே சபை பலமுறை முடங்கியது, சண்டையிட்டனர், மீண்டும் கூடினர். துப்பாக்கி திரும்ப வரவில்லை.

இக்கரையிலே நாம் என்ன செய்வது? மேடையிலே ஈழத்துக்காகக் கண்ணீர் விடுவது எளிது. நானும் விட்டிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கொழும்பைப் பார்த்து நீட்டும் விரல், முதலில் நம் முகாம்களைச் சுற்றி வரட்டும். 1983க்குப் பிறகு தோணியேறி வந்தவர்களும் அவர்கள் மக்களும், தமிழ்நாட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலே, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். நம் தாமிரபரணிச் சீமையின் மாவட்டங்களிலும் முகாம்கள் உண்டு. 2021இலே 'அகதிகள் முகாம்' என்ற பெயர்ப்பலகை 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது, வீடுகள் கட்டப்பட்டன. நல்ல பணி. ஆனால் முகாமிலே பிறந்து, நம் பள்ளியிலே படித்து, நம் மொழியிலே தேர்வெழுதி, பொறியியல் பட்டமும் பெற்ற பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை? 2019இலே தில்லி குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தானை எண்ணினர், வங்காளதேசத்தை எண்ணினர், ஆப்கானிஸ்தானை எண்ணினர். கண்ணுக்கெட்டிய தொலைவிலே கிடக்கும் இலங்கையை எண்ணவில்லை!

அவர்களிலே ஒரு பகுதியினர் மலையகத் தமிழர் என்பதை மறவாதீர். அவர்களின் முன்னோர் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்துதான் காப்பிக்கும் தேயிலைக்கும் போனவர்கள். 1948இலே இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரிலே சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தனர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். ஆட்டுச் சந்தையிலேகூட ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள்; இவர்களின் வாயைத் திறக்க விட்டவரில்லை. இந்தியாவுக்கென்று அன்று ஒதுக்கப்பட்டு, காகிதம் வந்து சேருமுன் கலவரத்திலே தப்பி வந்து, அகதி என்று பதிவானவர்களும் முகாம்களிலே உண்டு. இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்ட மனிதர்களையே இந்தியா அந்நியர் என்கிறது. கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் பட்டியலைக் கொழும்போடு நிறுத்திவிட முடியுமா?

ஆதலின் ஊர்தோறும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இலங்கைத் தமிழர் வாழ்வில் விடியல் மலர்க' என்று எழுதி அனுப்பாதீர்கள்; அத்தகைய தீர்மானத்தைப் பெறுகிற அதிகாரி அதைக் கோப்பிலே போட்டுவிட்டுத் தேநீர் அருந்துவார். வட, கிழக்கு மாகாணங்களுக்குத் தேர்தல் நாள் குறிக்கும்படி கொழும்பை எழுத்து மூலம் கேட்குமாறு, 1987 ஒப்பந்தத்திலே கையெழுத்திட்ட தரப்பு என்ற முறையிலே தில்லியை வலியுறுத்துங்கள். செம்மணி எலும்புகளின் மரபணு ஆய்வுக்கு உலக வல்லுநரின் துணையை ஏற்கும்படி கேட்குமாறு எழுதுங்கள். முகாம்களிலே, திரும்பிச் செல்ல விரும்புவோர் எத்தனை பேர், இங்கேயே தங்க விரும்புவோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யுமாறு எழுதுங்கள். செல்வோருக்குக் கப்பலும், அங்கே அவர்தம் நிலமும்; தங்குவோருக்குக் குடியுரிமை. தீர்மானத்தின் படி ஒன்றை அந்தந்த மாவட்டத்து முகாமிலே நேரில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.